ஆகாயத்துக்கு அடங்கல் எங்கே?

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் மாலை வேளையில் நின்று நாலாபுறமும் பார்ப்பவர்களுக்கு இந்தச் சமவெளி ஒரு பெரிய தாம்பாளம் போல் தோன்றும். மேற்கே பழனி மலைத் தொடர். அதன்மேல் கோடைக்கானல், பறவை பறக்கும் கணக்கில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். தென்கிழக்கே சிறுமலை. நடுவே தென்னந்தோப்புகள், புகையிலைக் கொல்லைகள், குளங்கள், அவற்றை ஊடறுத்துச் செல்லும் ரயில் பாதைகள். நிலத்தில் ஒரு சாண் இடமாவது சொந்தக்காரர் இல்லாமல் கிடக்கிறதா என்றால், கிடையாது. வரப்புக்கு வரப்பு பட்டா உண்டு. பல வரப்புகளுக்கு வழக்கும் உண்டு. தலைக்கு மேலே உள்ள ஆகாயம் மட்டுமே யாருக்கும் பாத்தியமில்லாமல் வெறுமையாக விரிந்து கிடப்பதாகத் தோன்றுகிறது.

அது கண் செய்யும் மோசம். ஆகாயத்துக்கும் பட்டா உண்டு. கோடைக்கானல் வானொலி 100.5 மெகாஹெர்ட்ஸ் என்ற வயலைப் பயிரிடுகிறது. கைப்பேசிக் கம்பெனிகள் ஏலத்தில் எடுத்த வயல்கள் வேறு. போலீஸாருக்கு ஒன்று, ரயில்வேக்கு ஒன்று, ராணுவத்துக்குப் பல. ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கைக் கொண்டு வரப்புப் போட்டு, இன்ன வயல் இன்னாருக்கு என்று சர்க்கார் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. ஒருவர் வயலில் இன்னொருவர் ஏர் ஓட்டினால் இரண்டு பயிரும் பாழ். தெருவின் ஒரு முனையில் ஒரு மேளமும் மறுமுனையில் மற்றொரு மேளமும் வாசித்தால், நடு வீட்டில் இருப்பவருக்கு எந்த ராகம் காதில் விழும்?

இப்படிச் சீட்டு எழுதும் வழக்கம் பழையது. ஜகதீச சந்திர போஸ் 1895-ஆம் வருஷம் கல்கத்தாவில், கம்பியில்லாமலே மின்னலையைச் சுவரைக் கடந்து செல்லும்படி செய்து காட்டியபோது, ஆகாயத்துக்குக் காவல்காரர் யாரும் இல்லை. 1924-ல் சென்னையில் ஸ்ரீ ஸி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரும் அவருடைய நண்பர்களும் ரேடியோ சங்கம் வைத்துப் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பிய காலத்திலும் நெரிசல் என்ற பேச்சு இல்லை. 1933-ல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. 1939-ல் திருச்சி நிலையம் பேச ஆரம்பித்தது. சுதந்திரம் வந்தது; தொலைக்காட்சி வந்தது; கைப்பேசியும் வந்தது. 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில், ஆகாய அலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று தீர்ப்புச் சொல்லிற்று. வங்காளத்துக் கிரிக்கெட் சங்கம் தொடுத்த வழக்கு அது. பந்தாட்டத்தை யார் ஒளிபரப்புவது என்ற சண்டையிலிருந்து இவ்வளவு பெரிய உண்மை வெளிவந்தது நமது தேசத்தின் அதிர்ஷ்டந்தான்.

சொத்து நம்முடையது என்றால், அது உழப்படுகிறதா, தரிசாகக் கிடக்கிறதா என்று கேட்கும் உரிமையும் நம்முடையதே.

கிராமத்தில் பிறந்தவர்களுக்குப் பட்டாவுக்கும் அடங்கலுக்கும் உள்ள பேதத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. பட்டணத்து நேயர்களுக்காகச் சொல்கிறோம். பட்டா என்பது நிலம் யாருடையது என்று காட்டும் பத்திரம். அடங்கல் என்பது அந்த நிலத்தில் இந்தப் பசலியில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தத் தண்ணீர் என்று கிராமக் கணக்கர் சென்று பார்த்து எழுதும் கணக்கு. 1980-ல் கர்ணம் உத்தியோகம் எடுபட்டுப் போன பிறகும், கிராம நிர்வாக அதிகாரி அதை எழுதிக்கொண்டுதான் வருகிறார். பட்டா சொல்வது உரிமையை. அடங்கல் சொல்வது உண்மையை.

ஆகாயத்துக்குப் பட்டா நிறைய இருக்கிறது. அடங்கல் இல்லை. அல்லது, வெகு நாள் வரையில் இல்லாதிருந்தது.

பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த சில ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் அப்படி ஓர் அடங்கலை எழுதிப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது தொலைக்காட்சிக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. ஒவ்வொன்றும் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 15 வயல்கள். வடக்கு மண்டலம் நீங்கலாக, நம் தென்னாடு உள்ளிட்ட நான்கு மண்டலங்களில் தூர்தர்ஷன் கோபுரங்கள் எங்கெங்கே நிற்கின்றன, ஒவ்வொன்றின் குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்கிட்டார்கள். மொத்தம் உள்ள 120 மெகாஹெர்ட்ஸில், சராசரியாக எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சும்மா கிடந்தது! கோபுரங்களுக்குக் கொஞ்சம் யோசனையோடு வயல்களை மாற்றிக் கொடுத்தால், அன்று நடந்த ஒளிபரப்பு முழுவதையும் 15-க்குப் பதிலாக 4 வயல்களிலேயே நடத்திவிடலாம் என்றும் காட்டினார்கள். இப்படிப் பயிரேறாமல் கிடக்கும் பகுதிகளுக்கு விஞ்ஞானிகள் 'வெள்ளை வெளி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தரிசு என்றே சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு, இருந்த பயிரிலும் பெரும்பாகம் அறுவடையாகிவிட்டது. முக்கியமான சுமார் 50 இடங்கள் நீங்கலாகப் பழைய முறைத் தொலைக்காட்சிக் கோபுரங்களை 2022 மார்ச்சுக்குள் ஓயச் செய்வதென்று பிரசார் பாரதி தீர்மானித்தது. கோடைக்கானலை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, 'இப்போது தெரிகிறதா?' என்று மாடியிலிருந்து கூவிய காலம் திண்டுக்கல் குடும்பங்களுக்கு மறந்திருக்காது. அந்த ஆன்டெனாக்களில் இப்போது காக்கைகள் உட்காருகின்றன.

இந்தத் தரிசு நிலத்தின் மண் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வீடுகளில் உபயோகிக்கும் வைஃபை, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதன் அலை ஐந்து அங்குல நீளம். தென்னை ஓலையும் ஈர இலையும் அதை விழுங்கிவிடும். நாலு சுவர் தாண்டுவதற்குள் களைத்துப் போகும். தொலைக்காட்சி அலையோ இரண்டு அடி நீளம். தோப்புக்குள் நுழைந்து வெளிவரும். மேட்டைச் சிறிது வளைந்தும் செல்லும். ஒரு பஞ்சாயத்து அலுவலகம் வரையில் பாரத்நெட் கண்ணாடி இழை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தூரத்தில், மலையடிவாரத்துத் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூருக்கு அதை எப்படிக் கொண்டு போவது? பள்ளம் தோண்டுவதற்குப் பணம் வேண்டும். கைப்பேசிக் கம்பெனிக்கோ ஐம்பது வீட்டுக்காகக் கோபுரம் நடுவதில் லாபம் இல்லை. 2020-ஆம் வருஷம் கொரோனா நோய்க்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கேட்பதற்காகப் பிள்ளைகள் மொட்டை மாடியிலும் மரக்கிளையிலும் பாறையின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்ததை நாடு முழுவதும் பார்த்தோம். அவர்கள் தலைக்கு மேலேதான் அந்த 100 மெகாஹெர்ட்ஸ் சும்மா கிடந்தது.

மஹாராஷ்டிரத்தில் பால்கர் ஜில்லாவின் கிராமங்களில், மேற்சொன்ன பம்பாய் ஐ.ஐ.டி.யார் பரீட்சார்த்தமாக இதைச் செய்தே பார்த்தார்கள். தொலைக்காட்சியின் வெற்று அலைகளின் வழியாகக் கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டு சென்றார்கள். 'கிராம் மார்க்' என்ற அந்த முயற்சிக்கு 2017-ல் மொஸில்லா ஸ்தாபனத்தின் முதற் பரிசும் கிடைத்தது.

பிறகு ஏன் தேசமெங்கும் செய்யவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் சிக்கல். பிறர் பட்டாவில் பயிரிடுகிறவன், பட்டாதாரருக்கு ஒரு கதிர்கூட நஷ்டம் வராமல் பயிரிட வேண்டும். அவர் திரும்பி வந்த கணமே ஏரை அவிழ்த்துக்கொண்டு வெளியேற வேண்டும். சிறு முணுமுணுப்பு இருந்தால் குற்றமில்லை. எந்த ரேடியோவிலும் கொஞ்சம் இரைச்சல் உண்டு. ஆனால் பேச்சைக் கெடுக்கிற, தடுக்கிற, திரும்பத் திரும்ப அறுத்துவிடுகிற குறுக்கீடு கூடாது. 'தீங்கான குறுக்கீடு' என்று சர்வதேச விதிகள் சொல்வது இதைத்தான்.

இப்படி மரியாதை தெரிந்து நடக்கக்கூடிய யந்திரம் ஒன்றைப் பற்றி ஜோசப் மிடோலா என்ற அமெரிக்கர் 1999-ல் எழுதினார். 'காக்னிடிவ் ரேடியோ' என்று அதற்குப் பெயர் கொடுத்தார். 'விவேக ரேடியோ' என்று நாம் சொல்வோம். சாதாரண ரேடியோ, பிறந்தபோது சொல்லிக் கொடுத்த அலையிலேயே ஆயுள் முழுவதும் பேசும். விவேக ரேடியோ முதலில் காது கொடுத்துக் கேட்கிறது. எந்த அலையில் ஆள் இல்லையோ அதில் பேசுகிறது. உரியவர் வந்தால் வாயை மூடி வேறிடம் போகிறது. நல்ல விருந்தாளியின் லட்சணம் இதுதானே!

ஆனால் காதை மட்டும் நம்பலாமா? திண்டுக்கல்லில் இருந்துகொண்டே இதற்கு விடை காணலாம். கோடைக்கானலிலிருந்து ஒரு கோபுரம் பேசிக்கொண்டிருப்பதாகவும், சிறுமலைக்கு அப்பால் நத்தம் பக்கத்து அடிவாரத்தில் ஒரு விவேக ரேடியோ இருப்பதாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். நடுவே சிறுமலை ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும்பி மறைக்கிறது. அடிவாரத்து ரேடியோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது. ஒரு சத்தமும் இல்லை. 'ஆள் இல்லை' என்று தீர்மானித்து உரத்த குரலில் பேச ஆரம்பிக்கிறது. மலைச்சரிவின் மேலே, கோடைக்கானல் தெளிவாகத் தெரியும் ஒரு வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திரை முழுவதும் புள்ளி! அடிவாரத்து ரேடியோ பொய் சொல்லவில்லை. அதன் காதுக்கு உண்மையிலேயே எட்டவில்லை. மறைவில் இருப்பவனுக்கு ஊர் அமைதியாகத் தோன்றுவது இயல்பு.

இதற்குப் பரிகாரமாக, 2008-ல் அமெரிக்க சர்க்காரின் கமிஷன், காதை மிக மிகக் கூர்மையாக்க வேண்டும் என்று விதித்தது. எவ்வளவு கூர்மை? ஒரு வாட்டைக் கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மறுபடியும் கோடியாகப் பங்கிட்டு, அதிலும் பாதிக்குக் குறைவான சத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமாம்! அவ்வளவு கூர்மையான காதுக்கு இல்லாத சத்தமெல்லாம் கேட்கும்; காலியாக உள்ள வயலையும் ஆள் இருக்கிறதென்று விட்டுவிடும். யந்திரத்தின் விலையும் ஏறும். இரண்டே வருஷத்தில், 2010-ல், அந்தக் கமிஷனே வழியை மாற்றிக்கொண்டது. தான் நிற்கும் இடத்தை அறிந்து ஒரு பொதுக் கணக்கைக் கேட்டு நடக்கும் கருவிகளுக்குக் காது கட்டாயமில்லை என்றது. 'நான் இன்ன இடத்தில், இன்ன உயரத்தில் நிற்கிறேன். எனக்கு எந்த வயல்கள் காலி?' என்று கருவி கேட்கும். கணக்கு பதில் சொல்லும். நாள்தோறும் ஒரு தடவையாவது திரும்பக் கேட்க வேண்டும் என்பது அப்போதைய விதி.

இது அடங்கலேயன்றி வேறென்ன? காதைவிடக் கணக்குப் பிள்ளையே மேல் என்று வெள்ளைக்காரர் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் பிடித்தது!

அமெரிக்காவிலும் இந்த வெள்ளை வெளி வியாபாரம் ஓகோவென்று செழிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தொலைக்காட்சிப் பகுதியிலிருந்தே ஒரு பெரும் துண்டைக் கைப்பேசிக் கம்பெனிகளுக்கு 2017-ல் ஏலம் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு நிலம் இருக்குமா என்று தெரியாத இடத்தில் யார் முதல் போட்டுக் கருவி செய்வார்கள்? ஆனால் அதே யோசனை வேறு வயலில் பலித்தது. கடற்படையின் ராடார் பேசும் 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் மற்றவர்களும் பேசலாம் என்று 2015-ல் விதி செய்தார்கள். கரையோரத்தில் காவல் காதுகளை வைத்தார்கள். போர்க் கப்பலின் ராடார் கேட்டதும், கணக்கை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்திலுள்ள மற்றவர்களை விலகச் சொல்லிவிடும். 2020 முதல் இது வியாபார ரீதியில் நடந்து வருகிறது. காதும் கணக்கும் கைகோத்தால் கடற்படையே சம்மதிக்கிறது.

அமெரிக்கக் கதை போதும். இந்த வித்தையில் நம் தமிழ்நாடு யாருக்கும் பின்தங்கியதல்ல. நத்தத்துக்கு அடுத்தாற்போல் உள்ள மேலூர்த் தாலுகாவில் 2001-ஆம் வருஷத்திலேயே கிராமத்து இணையக் கடைகள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாக் கருவி அங்கே வேலை செய்தது. இன்றைய கணக்கில் அதன் வேகம் நத்தை வேகம். விநாடிக்கு 70 கிலோபிட்டுக்கு மேல் போகாது. ஆனால் அதற்குள் ஒரு சூட்சுமம் இருந்தது. ஐரோப்பியர் வகுத்த டெக்ட் முறைப்படி 10 அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் காலத்தைத் துண்டு போட்டு 12 ஜோடி வழிகள். ஆக 120 வழிகள். எந்த வழியில் பேசுவது என்று மேலதிகாரி யாரும் உத்தரவு போடுவதில்லை. ஒவ்வொரு கருவியும் தானே காது கொடுத்துக் கேட்டு, எந்த வழியில் சந்தடி குறைவோ அதைப் பிடித்துக்கொள்ளும். பேச்சின் நடுவே சந்தடி வந்தால் வேறு வழிக்கு மாறிக்கொள்ளும். அதனால் அக்கம் பக்கத்துக் கோபுரங்களுக்கு அலைகளைப் பங்கு போட்டுத் தரும் தலைவலி சர்க்காருக்கோ எஞ்சினீயருக்கோ இல்லை. 'விவேக ரேடியோ' என்ற பெயர் பிரபலமாகும் முன்பே, அதன் தம்பி போன்ற ஒன்று மேலூர் வெயிலில் நின்று உழைத்திருக்கிறது! அந்தக் கடைகளில் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. வருமானம் போதவில்லை, பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை. ஆகாயத்தில் நெரிசல் என்று மூடவில்லை.

தேனியில் நடந்தது இன்னும் ருசிகரமானது. 2004-க்குப் பிறகு அரவிந்த் கண் மருத்துவமனையாரும், கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் கூடி, சுற்றுவட்டத்து ஊர்களில் சிறு கண் பரிசோதனை நிலையங்கள் அமைத்து, அவற்றைத் தேனி ஆஸ்பத்திரியோடு வைஃபையினால் இணைத்தார்கள். பஸ் ஏறித் தேனிக்குப் போக வேண்டியதில்லை. டாக்டர் திரையிலேயே பார்த்துப் பேசுவார். வீட்டுக்குள் நூறு அடி ஓடுவதற்கென்று பிறந்த வைஃபையை 15 கிலோமீட்டர் வரையில் ஓட வைத்தார்கள். 2005 முதல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி லைசென்ஸ் இல்லாமல் யாரும் உபயோகிக்கக்கூடிய புறம்போக்காக ஆகியிருந்தது.

அங்கே இரண்டு தொல்லைகள் வந்தன. வைஃபை ஒரு கடிதம் போட்டால் 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் அணுவளவே காத்திருக்கும். தூரம் அதிகமாகிவிட்டதால் பதில் வந்து சேர்வதற்குள் கடிதம் தொலைந்தது என்று எண்ணி மறுபடியும் எழுதும். பொறுமையற்ற மாமனாரைப் போல! மற்றொன்று, ஒரே கோபுரத்தில் நாலு திசைக்கு நாலு ஆன்டெனா இருக்கும்போது, ஒன்று உரக்கப் பேசினால் பக்கத்தில் உள்ளது தூரத்துக் குரலைக் கேட்க முடியாமல் செவிடாகிவிடும். இதற்குக் கண்ட உபாயம் வெகு எளிது, கான்பூர் ஐ.ஐ.டி.யாரும் இதே வழியை முன்பு காட்டியிருந்தார்கள். ஒரு கோபுரத்தில் உள்ள எல்லா ஆன்டெனாக்களும் ஒரே சமயத்தில் பேச வேண்டும். பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் கேட்க வேண்டும். எல்லோரும் கேட்கிற நேரத்தில் யாரும் பேசுவதில்லை. ஆகவே யாருக்கும் செவிடு இல்லை. குளத்து மடையில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால், 'இதற்கா கலிபோர்னியாவிலிருந்து வந்தார்கள்?' என்று கேட்பார்கள். கடைசியில் ஆகாயத்தைவிட மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வுதான் கருவிகளை அதிகமாகப் பொசுக்கியது என்று அந்த ஆராய்ச்சியாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே வித்தை இருக்கிறது. விதியும் இப்போது கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கிறது. 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு 2024 ஜூலையில் அமுலுக்கு வந்தது. ஒருவருக்கு ஒதுக்கிய அலைவரிசையை, அவருக்குத் தீங்கான குறுக்கீடு நேராதபடி, மற்றொருவருக்கு இரண்டாம் பாத்தியமாக ஒதுக்கலாம் என்று அது சொல்கிறது. தக்க காரணமின்றித் தரிசாகப் போட்டிருந்தால் பட்டாவையே ரத்துச் செய்யலாம் என்றும் சொல்கிறது. சட்டம் எழுதியவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் தரிசு என்று எதைக் கொண்டு நிரூபிப்பது? கணக்கு வேண்டாமா?

கைப்பேசிக் கம்பெனிகளின் ஆட்சேபம் ஒன்று உண்டு: 'நாங்கள் கோடி கோடியாகக் கொட்டி ஏலம் எடுக்கிறோம், பக்கத்து வயலை ஓசியில் கொடுத்தால் எங்கள் கதி என்ன?' நியாயம் இல்லாத பேச்சென்று தள்ள மாட்டோம். ஆயினும் 2022-ல் சர்க்கார் 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியை ஏலத்துக்கு வைத்தபோது ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதையும் அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். தொலைக்காட்சிக்காரர்களின் பயம் வேறு: இன்று தரிசாக விட்டிருக்கிறோம், நாளைக்கு டிஜிட்டல் விதை விதைக்க வந்தால் இவர்கள் எழுந்திருப்பார்களா? குத்தகைக்காரரை எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அறிந்த நாடு இது, பயப்படுவதில் ஆச்சரியமில்லை. விவேக ரேடியோவின் சிறப்பு அங்கேதான். கணக்கில் ஒரு வரி மாறினால் போதும். கருவி தானாக எழுந்து அடுத்த வயலுக்குப் போய்விடும். ஆனால் அடுத்த வயல் ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுந்திருப்பது ரேடியோ அல்ல, அதை நம்பிப் பாடம் படிக்கும் குழந்தை. கிராமத்துக்குக் கொடுக்கிற இரண்டாம் பாத்தியத்தில் இத்தனை வயலாவது எப்போதும் மிஞ்சும் என்று ஓர் உத்தரவாதம் இல்லாமல் அந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் கணக்கு. அதை டில்லியிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருப்பானேன்? திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே, சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனும் ஸ்தாபித்த காந்திகிராமம் இருக்கிறது. அதன் கிராமியப் பல்கலைக் கழகத்து மாணவர்கள் கிராமங்களுக்கு நடந்து பழகியவர்கள். ஒரு சிறு ரிசீவர், ஒரு மடிக் கம்ப்யூட்டர், ஓர் ஏணி, ஒரு நோட்டுப் புத்தகம், வேறொன்றும் வேண்டாம். வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம் என்று நாலு திக்கிலும் சென்று, 470 மெகாஹெர்ட்ஸிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வயலாகக் கேட்டு எழுதலாம். நோட்டில் இத்தனை பத்திகள் போதும்: தேதி, மணி, இடம், வயலின் எண், கேட்ட குரலின் பலம், கேட்டவர் நின்ற உயரம். மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை.

நத்தம் பக்கத்துப் பக்கங்களைச் சிவப்பு மையினால் எழுதுவது உசிதம். சிறுமலையின் நிழலில் உட்கார்ந்து 'சத்தம் இல்லை' என்று எழுதுகிறவர், மலைச்சரிவுக்கும் ஓர் ஆளை ஏற்றிக் கேட்டுவரச் சொல்லி, அவர் இறங்கி வந்த பிறகே அந்த வரியை முடிக்க வேண்டும்.